நாலு விரல் உயரம்

டாக்டர் சங்கமித்ரா பதினோரு வருடம் பாடுபட்டுக் கொண்டுவந்த தடுப்பூசி எச்ஐவியைத் தடுக்கவில்லை. போட்டுக்கொண்டவர்களைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தூக்கி நிறுத்தியது, அவ்வளவுதான். யாருடைய விரல் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவரவர் விரலால் அவரவருக்கு நாலு விரல். இன்றைய தேதிக்குக் கோலார் தங்கவயலில் இப்படி இருபத்திநாலு பேர் இருக்கிறார்கள். கோரமண்டலில் பதினொன்று, ஊரிகத்தில் ஒன்பது, மீதி நாலு பேர் ராபர்ட்சன்பேட்டை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் வாயைப் பிளக்கிறார்கள். இந்த ஊர் ஆட்கள் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள் மூன்று கிலோமீட்டர் கீழே போய் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு நாலு விரல் மேலே போவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

சங்கமித்ரா கோரமண்டலில் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சுப்பிரமணி அண்டர்கிரவுண்டில் பாறையைத் துளைக்கிற மிஷின்காரர். அந்தக் காலத்தில் குறிப்பிட்ட தவணைக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பார்கள். நுரையீரலில் கல்தூசி தெரிந்தால் மறுநாளிலிருந்து சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற்ற மாட்டார்கள், மேலே ஏதாவது எடுபிடி வேலைதான். அதனால் கம்பெனி டாக்டரிடம் எதையும் சொல்லாமல் இருப்பது என்பது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கைவந்த வித்தை. வாயில் கற்கண்டை அடக்கிக்கொண்டு போனால் அரைமணி நேரம் இருமல் வராது. எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் கேட்டால், "ஜம்முனு கீறேன் சார்" என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரேவுக்குத் தனக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பியவர்களும் உண்டு. சுப்பிரமணி அப்படி அனுப்பியவர். சங்கமித்ரா மெடிக்கல் காலேஜில் முதல் வருடம் படிக்கும்போது அவர் மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்துப்போனார். ஃபைலில் அவருடைய நுரையீரல் பளிச்சென்று இருந்தது. விலா எலும்பில் இருந்த பழைய முறிவைப் பார்த்து, அது அப்பாவுடையது இல்லை, சித்தப்பாவுடையது என்று மகள் கண்டுபிடித்தார். சாவு வீட்டில் அழாதவர் அந்த ஃபைலை வைத்துக்கொண்டுதான் அழுதார்.

டாக்டரானதும் அவர் எடுத்துக்கொண்டது எச்ஐவி தடுப்பு வேலை. பங்காருபேட்டை ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன கிளினிக், உதவிக்கு மாலா என்ற பெண். சுரங்கம் மூடி, ஊரே விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. வருகிற ஆண்களிடம் எல்லாம் சங்கமித்ரா ஒரே கேள்வியைக் கேட்டார்: கடந்த ஆறு மாதத்தில் வேறு யாருடனாவது உறவு உண்டா? பத்து வருடத்தில் ஆறாயிரம் பேர். ஆறாயிரம் பேரும் இல்லை என்றார்கள். அந்தப் பதிவேட்டை நம்பினால் தங்கவயல் முழுக்க முனிவர்கள்தான் வசிக்கிறார்கள். ஆனால் மாலா வெளியே வைத்த ஆணுறைப் பெட்டி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை காலியானது. யார் எடுக்கிறார்கள் என்று விசாரித்தால், "பசங்க பலூன் ஊதறாங்க டாக்டரம்மா" என்றார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஊரில் ஒரு பலூன்கூடப் பறந்து யாரும் பார்க்கவில்லை. கடைசியில் சங்கமித்ராவுக்கு வெறுத்துப்போனது. உண்மை பேசாத ஊரைக் காப்பாற்ற ஊசியால்தான் முடியும் என்று முடிவு கட்டினார். பொய் சொல்கிறவனுக்கும் ஊசி வேலை செய்யும் அல்லவா? கிளினிக்கை மாலாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, பதினோரு வருடம் எலிகளோடும் முயல்களோடும் குடித்தனம் நடத்தினார். எலிகள் மிதந்ததாகக் குறிப்பில்லை.

ஊசியை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கும் முதல் கட்டம் வந்தபோது, அதை ராபர்ட்சன்பேட்டையில்தான் நடத்துவேன் என்று அடம்பிடித்து வாங்கிவந்தார். மாலாவும் கிளினிக்கோடு அங்கேயே வந்துவிட்டார். நோய் இல்லாத முப்பத்திரண்டு பேர் முன்வந்தார்கள். இந்த ஊசியில் கிருமி கிடையாது, இதனால் நோய் வராது, இப்போது பார்க்கப்போவது இது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதைத்தான் என்று தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் சொன்னார். உடம்பில் எது நடந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஒருவர் மறைத்தால்கூட மொத்த வேலையும் பாழ் என்று அதையும் மூன்று பாஷையிலும் சொன்னார். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். இருபத்திநாலு பேருக்கு மருந்து, எட்டுப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியக்கூடாது, டாக்டருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. விதியின் இரண்டாம் பாதி ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டது. டாக்டரைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

ஒன்பதாம் நாள் முதலில் மேலே போனவர் தங்கவேலு. சுரங்கம் மூடியபோது முப்பது வயது, இப்போது ஒரு தொழிற்சாலையில் காவலாளி. தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றுகொண்டிருந்தவரைப் பின்னால் நின்ற பெண் "முன்னாடி போங்கண்ணா" என்று லேசாகத் தள்ள, அவர் குடத்தோடு சறுக்கிக்கொண்டே போய்க் குழாயில் இடித்து நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் மற்ற இருபத்துமூன்று பேரும் எழும்பிவிட்டார்கள். உடனே கூட்டம் போட்டார்கள். டாக்டரிடம் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தங்கவேலு விஷயத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்: "சொன்னா எழுதிப்பாங்க. எழுதினா மேலிடத்துக்கு அனுப்புவாங்க. அனுப்பினா மூடிடுவாங்க. ஒரு தபா மூடினதப் பாத்தோமே, போதாதா? நம்ம ஊர்ப் பொண்ணு, அது பொழப்புல மண்ணப் போடணுமா?" மாலாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவரும் சரி என்றார்.

பரணிலிருந்து பழைய மைனிங் பூட்ஸுகள் இறங்கின. தொப்பி விளக்குக்காக இடுப்பில் கட்டிக்கொள்ளும் பேட்டரிகள் இறங்கின. பூட்ஸும் பேட்டரியும் சேர்ந்தால் நாலு கிலோ. சரியாகத் தரைக்கு வந்துவிடலாம். டாக்டரிடம் போகும்போது ஆண்கள் பேட்டரியைச் சட்டைக்குள் கட்டினார்கள், பெண்கள் புடவைக் கொசுவத்துக்குள் செருகினார்கள். மற்ற நேரங்களில் அவரவர் பாட்டுக்கு மிதந்துகொண்டிருப்பார்கள். டாக்டரின் ஸ்கூட்டர் தெருமுனையில் தெரிந்தால் ஆட்டோக்காரர்கள் இரண்டு தரம் ஹாரன் அடிப்பார்கள். மிதக்கிறவர்கள் கம்பியோ கதவோ கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு தரையை மிதிப்பார்கள். எங்கே போனாலும் எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஊரில் சத்துக்குறைவு அதிகமாகிவிட்டதோ என்று சங்கமித்ரா கவலைப்பட்டார். உப்புத்தண்ணீர் வாங்கிய எட்டுப் பேருக்குத்தான் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவர்களில் நாகேஷ் என்பவர் தனக்கும் மருந்துதான் கிடைத்தது என்று காட்டுவதற்காக இரண்டு மாதம் நுனிக்காலிலேயே நடந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு டாக்டரிடமே போய் மாத்திரை வாங்கினார். முதல் மூன்று மாதத்தில் பக்கவிளைவு என்று பதிவானது அந்தக் கெண்டைக்கால் ஒன்றுதான்.

ஆனால் எடை மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இருபத்திநாலு பேருக்கும் ஆளுக்கு நாலு கிலோ கூடியிருந்தது. சங்கமித்ரா ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழுவுக்கு அதை எழுதினார். தடுப்பூசியால் ஊரே குண்டாகிறது என்று குழு மிரண்டுபோய், காலணியைக் கழற்றி இன்னொரு முறை எடை பார்க்கச் சொன்னது. முதலில் வந்தவர் தங்கவேலு.

"பூட்ஸைக் கழட்டுங்கண்ணா."

"வேணாம் டாக்டரம்மா, கால் நாத்தம் தாங்காது."

"நான் தாங்கிப்பேன். இடுப்புல இன்னா அது?"

"குடலிறக்கத்துக்குப் பெல்ட்டு."

"அதையும் கழட்டுங்க."

கழற்றினார். மெஷினின் முள் பூஜ்யத்துக்குப் போனது. தங்கவேலு அதற்கு நாலு விரல் மேலே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூட்ஸோடு எழுபது கிலோ இருந்தவர் கழற்றினால் எப்படி ஒன்றுமே இல்லாமல் போவார் என்று நிறையப் பேர் விளக்கம் கேட்டு எழுதிவிட்டார்கள். யாரிடமும் விளக்கம் இல்லை. சங்கமித்ரா குனிந்து அவர் பாதத்துக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் எத்தனை நாளாக என்று கேட்டார். ஒன்பதாம் நாளிலிருந்து என்றார் தங்கவேலு. யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தங்கவேலு ஊரை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "உங்களுக்குத்தான் தெரியாது" என்றார்.

சங்கமித்ரா கத்தினார். அந்தக் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. "எங்க நைனாவும் இப்படித்தான் ஜம்முனு கீறேன் ஜம்முனு கீறேன்னு சொல்லிக்கினே செத்தாரு. இத்தினி வருஷம் உங்க கூடவே கெடந்தேன். நான் உங்களுக்குக் கம்பெனி டாக்டராண்ணா?" எதையும் பிடிக்காமல் நின்ற தங்கவேலு, கூனிக்குறுகிப் பின்னாலேயே நகர்ந்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்.

மாலா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "எழுதாதீங்கம்மா. எழுதினா பதினோரு வருசமும் போச்சி. தலைசுத்துதுன்னு போட்டுக்கலாம், யார் வந்து பாக்கப் போறாங்க?" சங்கமித்ராவுக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. அதை அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஆனால் பொய்யான எக்ஸ்ரே ஒன்று எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அவர். பேனாவை எடுத்து, பக்கவிளைவு: மிதத்தல், உயரம் நாலு விரல், இருபத்திநாலு பேர், தொடங்கிய நாள் ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு பேரும் வெறுங்காலோடு வர வேண்டும், முதல் நாள் படிவத்திலிருந்து எல்லாக் கேள்விக்கும் இன்னொரு தடவை பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் முதலில் தசரதன் மிதந்து வந்தார். ஊரிகத்தில் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர், பெரிய மனிதர். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எட்டுக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். ஒன்பதாவது, அந்தப் பழைய ஆறு மாதக் கேள்வி. சங்கமித்ரா தலையைத் தூக்காமலே, "இல்லன்னு போட்டுக்கறேன்" என்றார்.

"இருங்க டாக்டரம்மா. காலே தெரிஞ்சி போச்சி, இனிமே இன்னாத்த மறைக்கிறது? மூணுன்னு போடுங்க." கொஞ்சம் யோசித்தார். "நாலு."

சங்கமித்ராவின் பேனா நின்றுவிட்டது. இருபது வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவர் எழுதிய முதல் எண் அது. சந்தோஷப்படுவதா, ஆளைத் திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி லீலாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தசரதன் கெஞ்சினார். "நான் எழுதத்தான் செய்வேன். சொல்றது உங்க வேலை" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். தசரதன் வீட்டில் போய்ச் சொன்னார். லீலா அவரைத் துணி காயப்போடும் கயிற்றில் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினார். மூன்று நாள் கழித்துத் திரும்பிவந்து கட்டை அவிழ்த்துவிட்டு, நேராகக் கிளினிக்குக்குப் போய்த் தனக்கும் புருஷனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். இருவருக்கும் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் தசரதனே ரயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதால்தான் நானும் எழுதுகிறேன்.

தசரதன் சொன்ன அந்த நாலு பேரை மாலா தனித்தனியாகப் பார்த்துப் பேசிக் கூட்டிவந்தார். அவர்கள் சொன்னதன் பேரில் இன்னும் சிலர், அவர்கள் வழியாக இன்னும் சிலர். மற்ற முப்பத்தொரு பேரின் ஒன்பதாவது கட்டத்திலும் எண்கள் விழுந்தன. நாகேஷ் சொன்ன எண்ணை மட்டும் டாக்டர் நம்பவில்லை, பாதியாகக் குறைத்துக் கேட்டதற்கு அவரும் ஒத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் நூற்று நாற்பது பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். ஒன்பது பேருக்குக் கிருமி இருந்தது. ஒன்பது பேரும் அன்று தொடங்கிய மாத்திரையை இன்றுவரை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து யாருக்கும் பரவவும் இல்லை. பெயர் கேட்காதீர்கள். இந்த ஊரில் எனக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

குழு அனுப்பிய வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இஞ்ச் டேப்போடு வந்து, இருபத்திநாலு பேரையும் அளந்தார். நாலு விரல் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால் அவருக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. பக்கவிளைவுப் பட்டியலில் மிதத்தல் கிடையாது, கிட்டத்தட்டப் பொருந்துவது தலைசுற்றல்தான் என்றார். யாருக்கும் தலை சுற்றவில்லை என்று சங்கமித்ரா பதில் எழுதினார். நாலு மாதம் இந்தக் கடிதப் போக்குவரத்து நடந்து, கடைசியில் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ரத்த மாதிரிகளின் முடிவும் அதற்குள் வந்துவிட்டது. எச்ஐவியை எதிர்க்கும் சக்தி ஒருவர் ரத்தத்திலும் உருவாகவில்லை. செய்தி கேட்டுத் தங்கவேலு தலைமையில் எல்லாரும் வந்து, "எங்க ரத்தம் சரியில்ல போல, மன்னிச்சிக்குங்க" என்றார்கள். சங்கமித்ரா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். பதினோரு வருடம் போனது போனதுதான், அதில் வலி இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மிதந்தவர்கள் இறங்கவே இல்லை. செருப்புத் தேயவில்லை, மழைக்காலத்தில் சேறு ஒட்டவில்லை, வீடு துடைத்த தரையில் ஈரம் காய்வதற்குள் நடந்தாலும் யாரும் திட்டுவதில்லை. ரயிலில் நிற்க மட்டும் இடம் கொடுப்பார்கள், உட்கார இடம் கேட்டால் உனக்கு எதற்கு என்கிறார்கள். சங்கமித்ரா இப்போது வாரத்தில் மூன்று நாள் பெங்களூரில் அடுத்த ஊசிக்கான வேலையில் இருக்கிறார், மூன்று நாள் ராபர்ட்சன்பேட்டை கிளினிக்கில். முன்பு ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்த படிவம் இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. சனிக்கிழமைகளில் வரிசை கடைத்தெரு வரைக்கும் போகிறது. காற்று அடித்தால் மிதக்கிறவர்கள் முறை தாண்டி முன்னால் போய்விடுவார்கள் என்பதால், பின்னால் நிற்பவர் அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் சலித்துக்கொள்வதில்லை. உள்ளே யாரோ உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.