தம்பியின் மெருகு

இறந்துகிடந்த தம்பியின் நகங்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூச்சைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் பெரியவர் துடைத்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ஆட்கள் கூடிவிடுவார்கள். நம் வீட்டு ஆள் கறைபட்ட கையோடு படுத்திருக்கக் கூடாது.

"வேணாம் பெரியப்பா," என்றாள் தம்பி மகள். "இப்பவாவது அந்த வாடை இல்லாம இருக்கட்டும்."

அவர் துணியை மடித்துவைத்தார். காலையிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் மாரடைப்பு என்றே சொல்லியிருந்தார். நுரையீரல் என்று டாக்டர் எழுதிய காகிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

அவர்கள் பட்டறையில் படகுகளும் குளியல்தொட்டிகளும் கண்ணாடியிழையில் வார்ப்பார்கள். இருபத்தாறு வருடம் அச்சுக்குள் தலையை விட்டு, ஸ்ப்ரே கன்னால் பூச்சு அடித்தவர் தம்பி. சூடேற்றிய அச்சில் வண்ணப் பொடியைப் படியவைத்து உருக்கி, மேலே இழையை வைத்து மூடி வார்த்தால் நிறம் பொருளோடே வந்துவிடும், மூச்சில் ஏறும் நெடியே இருக்காது என்று மகள் இரண்டு முறை கெஞ்சியிருந்தாள். பொடி தூவ நாமென்ன பலகாரக் கடையா வைத்திருக்கிறோம் என்று பெரியவர் கேட்டதற்குப் பட்டறையே சிரித்தது. கை மெருகால் எடுத்த பெயர். அதை விட முடியாது.

அவர்களிடம் படகு வாங்கிய படகுக்காரர் ஒருவர் வந்தார். தன் படகின் நீலத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்று சொல்லி அழுதார்.

"தம்பி கை," என்றார் பெரியவர், முதுகு நிமிர்ந்து.

படகுக்காரர் நகர்ந்ததும் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அது ஸ்ப்ரே இல்ல பெரியப்பா. நீங்க வெளியூர் போயிருந்தப்ப நானும் அப்பாவும் பொடியில செஞ்சது. நீங்க வந்து தடவிப் பாத்து, எவன்டா இப்படி அடிப்பான்னீங்க."

அவருக்கு நினைவிருந்தது. தம்பி சிரித்தபடி நின்றதும்.

"ஏன் சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களே. அண்ணன் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னாரு அப்பா. மறுநாள் திரும்ப ஸ்ப்ரே கன்னை எடுத்துக்கிட்டாரு."

"எப்ப?"

"ரெண்டு வருஷமாச்சு."

தம்பிக்கு இருமல் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பட்டறை மேஸ்திரி தயங்கித் தயங்கி அருகில் வந்தார். நாளை மறுநாள் எட்டுத் தொட்டிகளுக்குப் பூச்சு அடித்தாக வேண்டும், கன்னை யார் கையில் கொடுப்பது என்று கேட்டார்.

"பொடியில செய்யுங்க. பாப்பா சொல்லும்," என்று தம்பி மகளைக் காட்டினார் பெரியவர்.

மேஸ்திரிக்குக் காதில் விழவில்லை போலும். "என்னங்கய்யா?" என்றார்.

ஒரு சொல்லை இரண்டாம் தடவை சொல்லிப் பழக்கமில்லாதவர் எழுந்து நின்று, கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி மறுபடி சொன்னார். பிறகு, நாற்காலி எங்கே என்று கையால் தடவித் தேடினார்.