பன்னிரண்டாவது கட்டம்

ஆஸ்பத்திரிக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு வருகிறவர்களின் படிவத்தை நிரப்புவது என் வேலை. பதினோரு வருஷமாகிறது. என்ன வயது, எதிலிருந்து விழுந்தார் என்று இருபது கட்டங்கள். பெரும்பாலும் ஆண்கள், முப்பதைச் சுற்றி. சாரம், ஏணி, மாடி, அப்புறம் பைக். என் வீட்டுக்காரர் பெயிண்டர், பகலெல்லாம் சாரத்தில் நிற்பவர்.

“பெல்ட்டு மாட்டுங்க” என்று தினமும் உயிரை எடுப்பேன்.

“நீ போடுற சத்தத்துல சாரமே நடுங்குது தாயே” என்பார்.

பன்னிரண்டாவது கட்டம், ‘விழுந்தவரைத் தூக்கியது எப்படி?’ அதில் மட்டும் கேட்காமலே ‘தெரியவில்லை’ என்று எழுதிவிடுவேன். கேட்டால், தப்பாகத் தூக்கியதிலேயே தண்டுவடம் நசுங்கியிருக்கலாம் என்று தெரிந்து, பதறிப்போய்த் தூக்கிய பெண்டாட்டியோ தம்பியோ என் எதிரிலேயே உடைந்துபோவார்கள். எதற்கு வம்பு? வருஷ அறிக்கையிலும் அந்தக் கட்டத்தை யாரும் சீந்தவில்லை.

இன்று காலை பத்தேகாலுக்கு அவருடைய கூட்டாளி போன் செய்தான்.

“அண்ணி, அண்ணன் சாரத்துலேருந்து விழுந்துட்டாரு...”

“தூக்காதீங்க! அப்படியே கெடக்கட்டும், ஆம்புலன்ஸ் வரட்டும்!”

“தூக்கிட்டோம் அண்ணி. வேன்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வர்றோம்.”

வண்டியை நிறுத்தச் சொல்வதா, சீக்கிரம் வரச் சொல்வதா? இத்தனை படிவம் எழுதியவளுக்கு அது தெரியவில்லை. பெல்ட்டுக்காக அவ்வளவு கத்தினேனே, விழுந்தவரைத் தூக்கக்கூடாது என்று அவர் ஆட்களிடம் ஒரு நாளாவது சொன்னேனா?

வேன் வந்ததும் வாசலிலேயே டாக்டர் அவர் கழுத்தை அணைத்துப் பிடித்துப் பலகையில் கிடத்தினார். அவருக்கு நினைவு இருந்தது.

“பெல்ட்டு மாட்டலடி” என்றார், திட்டு வாங்கப் போகிறவர் முகத்தோடு.

நான் அவர் கால் விரல்களையே பார்த்தேன். டாக்டர் ஆட்டச் சொன்னார். ஒன்றுகூட ஆடவில்லை.

கூட்டாளி பெயிண்ட் கையோடு அழுதுகொண்டிருந்தான். “கீழ கெடந்தப்ப நல்லாத்தானே இருந்தாரு. ரெண்டு முட்டியையும் மடக்கிக் காட்டினாரே அண்ணி.”

படிவம் வந்தது. “குடுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்” என்றாள் பக்கத்து மேஜைக்காரி. நான் கொடுக்கவில்லை. அவனை என் எதிரில் உட்கார வைத்தேன்.

“எப்படித் தூக்கினீங்க? ஒண்ணு விடாம சொல்லு.”

அவன் விம்மி விம்மிச் சொன்னான். நாலு பேர். கையை இருவர், காலை இருவர். தலையை யாரும் பிடிக்கவில்லை. இடம் போதாமல் என் எழுத்து பதின்மூன்றாவது கட்டத்துக்குள் போனது.