எல்லோரும் எழுந்து நின்ற அரங்கு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரு விழாவையும், அதில் ஒரு பெண்ணின் பின்னங்கழுத்தையும் மட்டுமே. ஏனையவை கற்பனை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதே முறை.

அறக்கட்டளை நடத்தும் தனியார் கல்லூரி ஒன்று, புதிய மாணவர்களை வரவேற்கும் விழாவுக்கு என்னை அழைத்திருந்தது. (இலாப நோக்கமற்ற நிறுவனம் என்று அழைப்பிதழில் இரண்டு இடங்களில் அச்சிட்டிருந்தார்கள். ஒருமுறை அச்சிட்டிருந்தால் நம்பியிருப்பேன்.) குறித்த நேரத்தில் மேடையில் நாற்காலிகள் போடப்படவில்லை. ஆகவே பெற்றோர் பகுதியில் அமர்ந்தேன். பிறகு அழைத்தபோது எழுந்திருக்க மனம் வரவில்லை.

பொறுப்பேற்று ஒரு வாரமே ஆகியிருந்த முதல்வர், எழுதி வைத்திருந்த உரையை உற்சாகத்தில் மடித்து வைத்துவிட்டு, “திறமை உதவித்தொகை பெற்ற நம் செல்வங்கள் எழுந்து நில்லுங்கள், கைதட்டுவோம்!” என்றார்.

மாணவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

எனக்கு முன்னால் ஒரு தாய் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பியது, பிறகு வலப்பக்கம். முதல்வர் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். தம் கல்லூரியில் இவ்வளவு திறமையா என்ற பூரிப்பு அவருக்கு.

2

தொடக்கங்கள்.

“அந்தத் தையற்காரி தன் வாழ்நாளில் ஒருமுறைகூட—” வேண்டாம். ஒருத்தியின் வாழ்நாளை முதல் வாக்கியத்திலேயே அளந்துவிடுவது மரியாதையன்று.

“காலைக் கதிரவன் கல்லூரிக் கோபுரத்தைப் பொன்னாக்கிய—” கல்லூரியில் கோபுரம் இல்லை. தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

சரி, நேராகவே சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்த அந்தத் தாய், என் கதையில், தையற்காரி. மகள் வேறொரு கல்லூரியில் சேர்ந்து, பாடம் புரியாமல், யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் பாதி ஆண்டில் திரும்பி வந்தவள். அதன்பின் வீட்டில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், பேச்சு குறைந்துவிட்டது. இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததே தாயின் வற்புறுத்தலால்தான். இங்கே ‘உதவி அறை’ என்று ஒன்று உண்டு: புரியாததை மறுபடி சொல்லித் தருவார்கள், மனம் சோர்ந்தால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.* கட்டணத்தைப் பார்த்துத்தான் தாய் மலைத்துப்போனாள். அப்போது வந்தது கடிதம்: உங்கள் மகளின் திறமையைப் பாராட்டிக் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறோம்.

அன்று மகள் தானாகவே தலை வாரிக்கொண்டாள். தாய்க்கு அது போதுமாயிருந்தது. ஓரகத்தியின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

* இப்படி ஓர் அறை எல்லாக் கல்லூரிகளின் விளம்பரத்திலும் உண்டு. இந்தக் கல்லூரியில் கட்டடத்திலும் இருந்தது.

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று சேர்க்கை அலுவலரைப் படைத்தேன். முதல் வரைவில் அவருக்கு மூன்று மோதிரங்கள் போட்டிருந்தேன். படித்துப் பார்த்தால் மோதிரங்கள் தெரிந்தன, ஆளைக் காணவில்லை. கழற்றிவிட்டேன். இப்போது அவர், சட்டைப் பையில் மைக்கறையோடு, தையற்காரியைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

“உக்காருங்கம்மா.”

“இருக்கட்டும் சார். இன்னைக்கு ஊரே எந்திரிச்சு நின்னுச்சு, நானும் நின்னுக்கிட்டே கேட்டுட்டுப் போறேன். திறமை உதவித்தொகை எல்லாருக்குமா?”

அவர் கதவைச் சாத்தினார். “முதல்வர் புதுசும்மா. அவர்கிட்ட யாரும் சொல்லலை.”

“எனக்கும்தான் யாரும் சொல்லலை.”

அவர் மேசைமேல் கிடந்த விண்ணப்பங்களை அடுக்கினார்.

“அப்போ குறைச்சது போக நான் கட்டினேனே, நிஜக் கட்டணமே அதுதான்?”

“அதுதாம்மா.”

“அதை நேராப் போட்டுத் தொலைக்கிறதுக்கு என்ன?”

“போட்டோம்மா! ஒரு வருஷம் போட்டுப் பாத்தோம். ‘இவ்வளவு மலிவா இருக்கே, வாத்தியாருங்க இருக்காங்களா?’ன்னு கேட்டுட்டுப் பக்கத்துக் காலேஜுக்குப் போயிட்டாங்க. பாதி வகுப்பு காலி. சம்பளம் போட முடியாம முதல்ல எதை மூடினோம் தெரியுமா? உதவி அறையைத்தான். கட்டணத்தை ஏத்திப் போட்டுப் பாதியைக் குறைக்க ஆரம்பிச்ச பிறகுதான் மறுபடி திறந்தோம்.”

இந்த இடத்தில் அவளைக் கொதிக்கவைக்க நினைத்தேன். “நீங்களெல்லாம் மனிதர்களா—” என்று எழுதியும் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. (மேடைப் பேச்சை என் கதைமாந்தர் எவரும் ஏற்பதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.) அதற்குப் பதில் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் கூலியை ஏத்திச் சொல்லிட்டு, ‘உங்களுக்காகக் குறைச்சுக்கிறேன்’னுதான் சொல்றேன். வர்றவங்க எல்லாருக்கும் அதே ‘உங்களுக்காக’தான்.”

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ ரெண்டு பேரும் ஒரே தொழில்தாம்மா.”

“சிரிக்காதீங்க சார். நான் கூலியைத்தான் குறைக்கிறேன். துணி கொண்டு வந்தவங்களைப் பாத்து, நீ கெட்டிக்காரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதில்லை.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விலகினா முழுப் பணமும் திரும்பிடும். நான் மறிக்க மாட்டேம்மா.”

4

மகளுக்கு இன்னும் தெரியாது. அவள் முதல் வரிசையில் நின்றவள்; உதவித்தொகைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய வரிசை என்று எண்ணிக்கொண்டவள். (பின்னால் அத்தனை நாற்காலிகள் நகர்ந்த ஓசை கேட்டிருக்காதா என்று வினவும் வாசகருக்கு: கேட்டிருக்கலாம். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு இருந்ததா என்பதைத்தான் என்னால் சொல்ல இயலவில்லை.)

தாய் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்ததும் மகள் ஓடிவந்தாள்.

“அம்மா, எந்திரிச்சு நின்னேனே, பாத்தியா? எங்க வரிசை மொத்தமும் திறமைதான்!”

“பாத்தேன்டி.”

“உதவி அறையில பேரும் குடுத்துட்டேன். நானே போய்க் கேட்டேம்மா! புரியலைன்னா எத்தனை தடவை வேணும்னாலும் வரலாமாம்.”

முடிவுகள்.

அ) தாய் உண்மையைச் சொல்கிறாள், ஐந்து மணிக்குள் பணத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். நேர்மையான முடிவு. ஆனால் பேருந்தில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

ஆ) தாய் வாயைத் திறப்பதில்லை. மகள் படிக்கிறாள், தேறுகிறாள். ஒவ்வொரு நாளும் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தாய் பயந்துகொண்டே தைக்கிறாள். இது முடிவன்று, தவணை.

இ) மகள் சிரிக்கிறாள்: “எனக்கு அப்பவே தெரியும்மா.” இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆகையால் நம்ப மறுக்கிறேன். பிள்ளைகள் நம் வேலையைச் சுலபமாக்கிவிடுவார்கள் என்பது பெரியவர்களின் ஆசை.

ஈ) ஓரகத்தி வந்து—

இல்லை. ஓரகத்தியைக் கொண்டுவந்தால் கதை இன்று முடியாது.

என் கையில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். தாய் தாழ்வாரத்து பெஞ்சைக் காட்டி, “உக்காருடி, ஒண்ணு சொல்லணும்” என்கிறாள். மகள் உட்கார்கிறாள். அலுவலகம் இன்னும் திறந்திருக்கிறது. அடுத்த வாக்கியம் தாயினுடையது. ஓர் எழுத்தாளர் அவளுக்கு எடுத்துக் கொடுக்கக் கூடியதன்று.

உங்களுக்கு மகள் இருந்தால், உங்களுக்கு அந்த வாக்கியம் தெரிந்திருக்கக்கூடும். சொல்வதானால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.