கைமாற்றுப் பிள்ளைகள்

ஓடைத்தெருப் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே இரண்டு ஆண்கள், ஏணியில் ஒருவன், கீழே தெரு வரைக்கும் வரிசையாகப் பெண்கள். ஓடு கைக்குக் கை மாறி வந்து மாட்டுவண்டியில் ஏறியது. புழுதியும் பல்லி முட்டையும் உதிர்ந்து பெண்களின் தலையில் விழுந்தன. காலை ஒன்பது மணிக்கே புதுக்கோட்டை வெயில் முதுகைப் பொசுக்கியது.

ஆவுடையப்பன் வாத்தியார் புங்கமரத்தடியில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியும் இன்றைக்கு வண்டியேற வேண்டியதுதான். மடியில் சாமான் பதிவேடு. கரும்பலகை ஒன்று, இந்தியப் படம் ஒன்று, மணி ஒன்று, தண்ணீர்ப் பானை ஒன்று. பதினோரு வருஷம் ஒற்றை ஆளாக நடத்திய பள்ளிக்கூடம், கடைசியில் அரைப் பக்கம்கூட வரவில்லை.

நகரத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் சீரமைக்கிறார்கள். சின்னதை மூடுவது, பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பது, சேர்த்த இடத்தில் புதுக் கட்டிடம் எழுப்புவது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? மேட்டுத்தெருவில் சிமெண்டுத் தரை போட்டு ஐந்து அறை கட்டித் திறந்தாகிவிட்டது. இந்த ஓடுகள் அங்கே சமையல் கொட்டகைக்குப் போகின்றன. ஆனால் மூட வேண்டியது ஓடைத்தெருப் பள்ளிக்கூடம் இல்லை. அது ஆவுடையப்பனுக்குத் தெரியும், மேட்டுத்தெரு சந்தனம் வாத்தியாருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால், பக்கத்துப் பள்ளி வாத்தியார் பத்துப் பதினைந்து பேரை அனுப்பிவைப்பார். கைமாற்று என்று அதற்குப் பெயர். இன்ஸ்பெக்டர் ஒரு நாளில் ஒரு பள்ளிதான் பார்ப்பார். அடுத்த முறை அங்கிருந்து இங்கே பிள்ளைகள் வருவார்கள். இது வருஷா வருஷம் நடப்பது. தெருவுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் திருவிழா மாதிரி.

போன மாசியில் ஒரு சாயங்காலம் சந்தனம் சைக்கிளில் வந்தார்.

"நாளைக்கு ஆபீஸ்லேருந்து வாராங்களாம். எங்கிட்ட பதினெட்டுதான் தேறும். ஒரு பதினஞ்சு பிள்ளைய அங்கிட்டு அனுப்பிவிடுங்க. பத்து மணிக்குள்ள திருப்பி விட்டுர்றேன்."

ஆவுடையப்பன் அனுப்பினார். வழக்கம்போல் காலையிலேயே ரிஜிஸ்டரில் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஹாஜர் போட்டுவிட்டார். ஆனால் வந்தது வருஷாந்திரச் சோதனை இல்லை. எந்தப் பள்ளியை வைப்பது, எதை மூடுவது என்று தலை எண்ண வந்த ஜீப். ஒரே நாளில் ஊர் முழுக்கச் சுற்றியது. முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்தால் மூட வேண்டியதுதான் என்று உத்தரவு. மேட்டுத்தெருவில் முப்பத்து மூன்றை எண்ணி முடித்துக்கொண்டு நேரே ஓடைத்தெருவுக்கு வந்து நின்றது. பதினைந்து பிள்ளைகளும் சந்தனம் கொடுத்த சவ்வுமிட்டாயைச் சப்பிக்கொண்டு அப்போதுதான் குளத்தங்கரையில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஜீப் அவர்களைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

"ரிஜிஸ்டர்ல முப்பத்தெட்டு. தலை பத்தொன்பது. மிச்சம் எங்க வாத்தியாரே?" என்று கேட்டார் அதிகாரி.

உண்மையைச் சொன்னால் இரண்டு வாத்தியார் வேலையும் அன்றைக்கே போய்விடும். வீட்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். "வரல சார்" என்றார் ஆவுடையப்பன்.

அதிகாரி இரக்கக்காரர். "பொய் ஹாஜர்னு நான் எழுதுனா நீங்க நடுத்தெருவுல நிப்பீங்க. வழக்கமா வர்றதே பத்தொன்பது பேர்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பள்ளிக்கூடத்த மேட்டுத்தெருவோட சேத்துருவோம். ஒங்களுக்கு அங்க ஒரு இடம் இருக்கும்."

எழுதிக் கொடுத்தார். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. "நமக்கு வேலை போகலல்ல, விடுங்க" என்று சந்தனம் பிறகு பலதரம் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் திரும்பி வந்த பிறகுதான் எண்ணினார்கள் என்று தெரு நினைத்துக்கொண்டது; முப்பது என்ற கணக்கும் தெருவுக்குத் தெரியாது. சந்தனம் இப்போது புதுப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர்.

ஓடு வரிசையிலிருந்து செவந்தி விலகி வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். புங்கமரக் கிளையில் தொங்கிய தூளியில் அவளுடைய கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். தூளியை ஒரு தரம் ஆட்டிவிட்டு, அவள் வாத்தியாரிடம் வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லு."

"ஆபீஸ்காரவுக வந்த அன்னிக்கு எம்மக பொன்னுத்தாய நாந்தான் அனுப்பாம வச்சுக்கிட்டேன். இவனுக்குக் காச்சல். நான் செங்கச் சூளை வேலைக்குப் போகாட்டி அன்னிக்கு ஒல வைக்க முடியாது. பாத்துக்கிற ஆளு வேணும்ல."

"அதுக்கென்ன?"

"தல கொறஞ்சுதான பள்ளிக்கூடத்த மூடிட்டாக? அன்னிக்கு வராத நாலு பிள்ளையில எம்மகளும் ஒண்ணு. தெரு முச்சூடும் என்னையத்தான் பேசுறாக. கெணத்தடிக்குப் போனா, பள்ளிக்கூடத்த முழுங்குனவ வாரா பாருன்னு காதுபடச் சொல்றாக." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க எம்புட்டுப் பாடுபட்டு நடத்துனீக. நானும் கைநாட்டுத்தான், தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சுக்கிருங்கய்யா."

ஆவுடையப்பனுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒன் மேல ஒரு தப்பும் இல்ல செவந்தி."

"அப்ப யாரு மேலங்க தப்பு?"

சொல்லிவிட்டால் தீர்ந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை. கிணற்றடிப் பேச்சு அன்றைக்கே நின்றுவிடும். ஆனால் தெருவுக்குத் தெரிந்தால் ஆபீசுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?

"ஆபீஸ்ல எடுத்த முடிவு அது. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார்.

"நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீக" என்று கும்பிட்டாள் செவந்தி. அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பொன்னுத்தாயும் மேட்டுத்தெருவுக்கு வந்தாளுங்க, தொறந்த அன்னிக்கு. கைப்பிள்ளையோட உள்ள வரக்கூடாதுன்னு பெரிய வாத்தியாரு திருப்பி விட்டுட்டாரு. நீங்கன்னா இவன மூலையில ஒக்கார வச்சுப் பாடம் நடத்துவீக."

அது அவருக்குத் தெரியும். மேட்டுத்தெருவில் இப்போது அவர் நடத்தும் மூன்றாம் வகுப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இடுப்பில் தம்பியோடு அந்தப் பிள்ளை வாசலில் வெகுநேரம் நின்றது. எழுந்து போய்ச் சந்தனத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தனத்திடம் எதையும் கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

செவந்தி வரிசைக்குத் திரும்பினாள். மேஸ்திரி ராக்கன் ஒரு நீளக் காகிதத்தோடு வந்தான்.

"சார், கணக்கப்பிள்ளை இன்னிக்கு வரல. நான் சொல்லச் சொல்ல கூலிக்கு ஆள் பேர எழுதிக் குடுத்துருங்க. ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

வாத்தியார் பேனாவைத் திறந்தார். சோலையப்பன், நாகராசு, செங்கமலம், பிச்சையம்மாள், செவந்தி என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

"பொன்னுத்தாய். அரை ஆளு."

பேனா நின்றது. "அது சின்னப் பிள்ளைல்ல?"

"ஓடு தூக்குதுல்ல? அதான் அரைக் கூலி, அரை ஆளு. ஆத்தாதான் கெஞ்சிச் சேத்துவிட்டுருக்கு. எழுதுங்க சார், வண்டி கெளம்பணும்."

எழுதினார்.

வரிசையின் கடைசியில் நின்ற பொன்னுத்தாய் தூளியைப் பார்க்க ஓடி வந்தாள். ஒன்பது வயது. தலையெல்லாம் செம்மண் புழுதி. தம்பி விழிக்கவில்லை என்று தெரிந்ததும், சிலேட்டைக் காட்ட வந்து நிற்கிற இடத்தில், நாற்காலிக்கு வலப்பக்கம் வந்து நின்றாள். காகிதத்தை எட்டிப் பார்த்தாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பொன்... னுத்... தாய். அரை... ஆள்." தலையை நிமிர்த்தினாள். "சரியா வாசிச்சேனா சார்?"

"சரியாத்தான் வாசிச்சே" என்றார் வாத்தியார்.

அவள் சந்தோஷமாக வரிசைக்கு ஓடிப்போய், அடுத்து வந்த ஓட்டுக்குக் கையை நீட்டினாள்.