சில்லுக்கால்காரிக்கு ஒரு நாற்காலி

லிந்தால்வாவைப் பந்தாட்டம் பார்க்க வரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், கூப்பிட்டவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அந்தத் தெருவில் நினைப்பார்கள். அப்படிப்பட்ட தெருவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திரண்டு வந்து அவள் வாசலில் நின்றது. நாளைய ஆட்டத்துக்கு முன்வரிசையில், நடு மத்தியில், அவளுக்கு நாற்காலி போட்டிருக்கிறதாம். கட்டாயம் வரவேண்டுமாம்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் ஜெனிவால். தெருமுனை மதுக்கடை அவருடையது, கடைக்கு வெளியே கூடாரத்தின் கீழ் வைக்கும் பெரிய டிவியும் அவருடையது. அதனால் உலகக் கோப்பை நடக்கும் ஜூன் மாதத்தில் தெருவும் அவருடையதாகிவிடும். தார்ச்சாலையில் பச்சையும் மஞ்சளும் எங்கே பூசுவது, காகிதக் கொடிகளை எந்தக் கம்பத்தில் கட்டுவது, கோலுக்கு யார் வெடி கொளுத்துவது, எல்லாம் அவர் சொன்னபடிதான். லிந்தால்வாவின் மகன் நில்டோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவரும் அவரே. அந்த முறையில் அவர் அவளைக் கொமாத்ரி என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரி என்பாள்.

பிரேசிலின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்த மொசொரோவில் ராசியில்லாதவர்களைக் கால் சில்லிட்டவர்கள் என்பார்கள். ஊரே வெயிலில் வெந்து கிடக்கிறது, அங்கே ஒருத்தர் கால் மட்டும் எப்படிச் சில்லிடும் என்று யாரும் கேட்பதில்லை. லிந்தால்வா கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷம் உலகக் கோப்பை. புதுப்பெண் என்று மரியாதையாக டிவிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பிரேசில் தோற்று வெளியேறியது. அடுத்த வருஷம் ஊர் அணியின் இறுதி ஆட்டத்தன்று, உப்பு லாரி ஓட்டிவிட்டு நேரே மைதானத்துக்குப் போயிருந்த கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவள் தூக்கைத் திறந்த நேரம் எதிரணி கோல் போட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் தலையில் பழம் விழுந்தவனுக்குக் காக்கை மேல்தானே கோபம் வரும். அன்றிலிருந்து அவள் சில்லுக்கால் லிந்தால்வா.

அவள் கோபித்துக்கொண்டாளா என்றால் இல்லை. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் ஜெனிவால் கடையின் பின்கட்டில் நின்று தெருவுக்கே பாலாடைக்கட்டி வாட்டிக் கொடுத்தாள். முகத்தைக் காட்டக் கூடாது, கையை மட்டும் நீட்டலாம். ஊர் நியாயம் எப்போதும் இப்படித்தான், ராசி கெட்டவள் சமைத்தது மட்டும் ருசி கெடுவதில்லை.

அவளே அந்தப் பேச்சை நம்பத் தொடங்கியது நில்டோவால்தான். பையனுக்குப் பதின்மூன்று வயதில் நத்தால் நகரத்தில் ஒரு பெரிய கிளப் ஆள் எடுத்தது. தகப்பன் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். ஆகவே லிந்தால்வாதான் பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனை பஸ்ஸில் கூட்டிப்போனாள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். தெருவில் யார் காலுக்கும் அகப்படாத பையன் அங்கே பந்தைத் தொட்டபோதெல்லாம் விழுந்தான். அவனை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது ஜெனிவால் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க எதுக்குக் கூடப் போனீங்க, கொமாத்ரி?"

அதற்குப் பிறகு அவள் மகனின் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. அடுத்த தேர்வுக்குத் தனியாகப் போனான், எடுத்துக்கொண்டார்கள். பின்னே நம்பாமல் என்ன செய்வாள்? கோயாஸில் ஒரு இரண்டாம் தரக் கிளப், அப்புறம் சாவோ பாவ்லோ பக்கம் பாதியில் சம்பளம் நின்றுபோன இன்னொரு கிளப், அப்புறம் யாரோ ஒரு ஏஜென்ட் பேச்சை நம்பிப் பல்கேரியாவில் ப்ளோவ்திவ். முதல் குளிர்காலத்தில் முழங்கால் போனது. மறுவருஷம் எழுந்து ஆடினான். இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன் என்று அங்கே பெயர் வாங்கினான். மொழி படித்தான், குடியுரிமை வந்தது, கடைசியில் அந்த நாட்டு அணியின் சட்டையே வந்தது. இத்தனை வருஷமும் அவனுடைய ஆட்டம் டிவியில் வந்தால் அவள் கொல்லைப்புறத்தில் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைப்பாள், வர்ணனை காதில் விழாதபடிக்கு.

பல்கேரியாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டதற்குத் தெரு அவனை லேசில் விடவில்லை. பிரேசிலின் மஞ்சளை விற்றுவிட்டான் என்றார்கள். மஞ்சளை யார் அவனுக்குக் கொடுத்தார்கள், அவன் விற்பதற்கு? நில்டோ அப்போதே அம்மாவிடம் சொல்லியிருந்தான்: "அந்த வாசல்ல ஆயிரம் பேர் நிக்கிறாங்கம்மா, நான் கடைசி ஆளு. இங்க கதவத் திறந்து வச்சுப் பேர் சொல்லிக் கூப்புடறாங்க. போகாம என்ன பண்ண?"

இப்போது உலகக் கோப்பையில் பிரேசிலும் பல்கேரியாவும் ஒரே பிரிவில் வந்து மாட்டின. பிரேசில் முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதில் சமன் செய்து, கழுத்தில் கத்தியோடு நின்றது. நாளை ஜெயிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெனிவால் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வைத்தியம் லிந்தால்வாவின் கால். எந்த அணிக்காக அவள் மனம் துடிக்கிறதோ அந்த அணி தோற்கும். அவள் மனம் யாருக்காகத் துடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே அவள் வரவேண்டும், உட்கார வேண்டும், மகனுக்காக நெஞ்சுருக வேண்டும்.

"மஞ்சச் சட்டை மட்டும் போட்டுட்டு வந்துராதீங்க. கணக்கே மாறிடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

லிந்தால்வா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஒருமுறையாவது அவன் ஆடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதற்கு விலையாக அவன் தோற்க வேண்டுமா?

ஞாயிறு தோறும் கூப்பிடுகிறவன் அன்றும் கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டாள். திரையில் தலையை இடமும் வலமும் ஆட்டினான். பல்கேரியாவில் அதுதான் ஆமாம். போன புதிதில் இதைப் பார்த்துவிட்டு, பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று அவள் ஒரு வாரம் அழுதிருக்கிறாள். இப்போது பழகிவிட்டது. நாற்காலிக் கதையை வேடிக்கை போலச் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அதுக்காகவா நீ இத்தன வருஷமா பாக்கல?"

"பின்ன எதுக்குன்னு நெனச்ச?"

அவன் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு சொன்னான்: "நான் பந்து ஆடறது உனக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் கூப்புடுவேன். சாப்டியாம்ப, குளுருதாம்ப. எப்படி ஆடுனேன்னு ஒரு தடவ கேட்டதில்ல."

லிந்தால்வா நத்தாலில் தான் வேலியோரம் நின்றதையும் அவன் விழுந்ததையும் சொன்னாள்.

"அம்மா, அந்த பூட்ஸ் ரெண்டு சைஸ் பெருசு. முன்னால பேப்பர் சுருட்டி வச்சதே நீதான."

வைத்தவள் அவள்தான். ஜெனிவால் சந்தையில் ஆசையாக வாங்கி வந்த பூட்ஸ். வளரும் பையன், இரண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று பெரிதாக வாங்கியிருந்தார். செய்தித்தாளைக் கிழித்து, சுருட்டி, முனையில் திணித்தது விரல்களுக்கு நினைவிருந்தது. அதையும் அவன் விழுந்ததையும் அவள் புத்தி ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டாள். ஞானத்தகப்பன் மனசு நோகுமே என்று அப்போது சொல்லவில்லையாம், அப்புறம் மறந்தே போனதாம். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஜெனிவால் மேல், தெரு மேல், எல்லோரையும் விட, ஊர் சொன்னதைக் கேட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த தன் மேல்.

"நாளைக்கு வந்து உக்காருவியா?" என்று கேட்டான்.

அவள் பல்கேரியாக்காரர்களைப் போலத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் பாதி நாளோடு விட்டார்கள். லிந்தால்வா வீட்டில் உடுத்தும் நீல கவுனோடு போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெனிவால் பியர் வைத்திருந்த ஐஸ் பெட்டியை நைசாக அவள் காலருகே நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் சில்லிடட்டுமே என்று.

பல்கேரிய தேசிய கீதம் பாடியபோது காமிரா நில்டோவின் முகத்தில் நின்றது. பின்னாலிருந்து யாரோ ஊளையிட்டார்கள். அவனோ கண்ணை மூடிக்கொண்டு பாடினான், சிறுவயதில் முதல்முறை நற்கருணை வாங்கிய அன்று மாதா கோயிலில் பாடியது போல. முன்நெற்றி ஏறியிருந்தது. போனில் எப்போதும் தொப்பி போட்டிருப்பான், அதனால் அவளுக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கியதும் அவன் ஓடுவதைப் பார்த்தாள். ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, அச்சாக அவன் அப்பனைப் போல. வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளை அங்கே கையை நீட்டி எல்லோரையும் அதட்டினான். அவர்களும் அவன் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள். இவ்வளவு பெரிய மனிதன் எப்போது ஆனான்? பக்கத்தில் யார் யாரோ கத்தினார்கள், நெஞ்சில் கை வைத்தார்கள். அவள் கண் இடது ஓரத்தை விட்டு நகரவில்லை.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. நில்டோ தன் பக்கத்து மூலையில் பந்தை வாங்கினான், திரும்பினான், வழுக்கினான். மஞ்சள் சட்டைக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு இரண்டே எட்டில் கோல் போட்டான்.

தெரு வெடித்தது. வெடிப்புகை கூடாரத்துக்குள் புகுந்தது. ஜெனிவால் எல்லார் முன்னாலும் முழங்காலிட்டு லிந்தால்வாவின் இரண்டு பாதங்களிலும் முத்தம் கொடுத்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். உண்மைதானோ? நான்தான் வந்து கெடுத்தேனோ? தன்னை அறியாமல் எழுந்து, பழகிய காலோடு பின்கட்டுப் பக்கம் நடந்தாள். போகாதீங்க கொமாத்ரி, இன்னும் நேரம் இருக்கு என்று ஜெனிவால் பின்னாலேயே வந்தார்.

வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். திரையில் நில்டோ கையை உயர்த்திக் காட்டினான், தப்பு என்னுடையது என்று. பிறகு வலைக்குள் கிடந்த பந்தைத் தானே போய் எடுத்தான். குனிந்து பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டினான். காலுக்குக் கச்சிதமான பூட்ஸ். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினான். அவனே கை தூக்கி ஒத்துக்கொண்ட தப்பை, இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தான் எதற்கு வாங்கித் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன்பின் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பிரேசில் அந்த ஒரு கோலில் ஜெயித்தது. முந்தைய ஆட்டங்களின் புள்ளிகள் இருந்ததால் பல்கேரியாவும் தப்பித்து அடுத்த சுற்றுக்குப் போனது. ஆட்டமும் பாட்டும் சற்று அடங்கியதும் ஜெனிவால் வந்தார். கையைப் பிசைந்தார். அடுத்த ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிரே வேறு நாடாம். ஆகவே அவள் பழையபடி பின்கட்டில் இருந்துகொண்டால் நல்லதாம். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

"நத்தாலுக்கு அவன் போட்டுட்டுப் போன பூட்ஸ் யார் வாங்குனது, கொம்பாத்ரி?" என்று லிந்தால்வா கேட்டாள்.

"நான்தான்."

"என்ன சைஸ்?"

ஜெனிவால் முகம் மெல்ல மெல்ல மாறியது. "வளர்ற பையன்னு..." என்றார்.

அவர் நின்ற நிலையைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யார் மனசும் நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் பார்க்காமலே இத்தனை ஆட்டம் போனது. "வியாழக்கெழம உங்க ஞானப்புள்ள ஆடறான். நான் எங்க வீட்ல பாக்கப்போறேன். வர்றதா இருந்தா வாங்க. நாற்காலி நீங்க கொண்டாந்துருங்க" என்றாள். தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு, பச்சை மஞ்சள் பூசிய தெருவின் நடுவே வீட்டுக்கு நடந்தாள். கடை நாற்காலி என்று யாரும் தடுக்கவில்லை.

கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது போன் அடித்தது. நில்டோவின் முகத்தில் இன்னும் வேர்வை காயவில்லை. கண் சிவந்திருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்டா."

"வழுக்குனதையுமா?"

"அதையும்தான். பின்னங்கால்ல பாரத்தப் போட்டுட்டுத் திரும்புனா வழுக்காம என்ன செய்யும்? நெருக்க வந்துட்டான்னு தெரியுதுல்ல, வெளிய அடிச்சிருக்க வேண்டாமா?"

நில்டோ கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது. கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று பயந்து, சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள்.

"சாப்பாடு கெடக்கட்டும்மா. வேற என்ன பாத்த? சொல்லு" என்றான்.

லிந்தால்வா சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். துவைகல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதல் நிமிஷத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.