மடிக்காத துப்பாக்கி

ராய்ஸ்டன் போன் பண்ணியதில் டெஸ்மண்டுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம். தானாகக் கூப்பிட்டானே என்று நிம்மதி. நவம்பரிலேயே தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும், இன்றைக்கு நாளைக்கு என்று பிப்ரவரி வரை கடத்திவிட்டோமே என்று வெட்கம்.

"கீழ்வயல் கடுகுல புறா மேயுதுடா. விட்டா தண்டைக்கூட வைக்காது. நாளைக்கு வர்றியா?"

"வராம இருப்பேனா? தோட்டா நான் கொண்டாரேன். நீ டீ மட்டும் ஒழுங்கா போட்டு எடுத்துட்டு வா. போன தடவை கழுநீர் குடிச்ச மாதிரி இருந்துச்சு."

ராய்ஸ்டன் பதிலுக்கு வாங்கு வாங்கென்று வாங்குவான் என்று டெஸ்மண்ட் காத்திருந்தான். "சரி" என்று மட்டும் வந்தது.

இருவரும் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். ராய்ஸ்டன் அப்பாவின் பால்பண்ணையை எடுத்துக்கொண்டான். டெஸ்மண்ட் அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் மாட்டுத்தீவனம் ஏற்றும் லாரி ஓட்டினான். போன நவம்பரில் மாடுகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை நடந்தது. ராய்ஸ்டனின் மந்தையில் பாதிக்கு மேல் தேறவில்லை. தேறாத மாடுகளை அரசாங்கம் கொன்றுவிடும், அதற்கு அப்பீல் கிடையாது. கன்று போடும் நிலையில் இருந்தவற்றை லாரியில் ஏற்ற முடியாதென்று கொட்டகை முற்றத்திலேயே வைத்துச் சுட்டார்கள். ஒவ்வொன்றின் கயிற்றையும் ராய்ஸ்டன்தான் பிடித்துக்கொண்டு நின்றானாம். வேறு யாரையும் பிடிக்க விடவில்லையாம்.

அதற்குப் பிறகு அவனைச் சந்தையில் காணோம், மதுக்கடையில் காணோம். ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்து என்ன செய்தார்கள்? "பாவம்பா, ஒரு நாள் புறா சுடக் கூட்டிட்டுப் போங்க, தெளிஞ்சிடுவான்" என்றார்கள். அந்த ஊர் ஆம்பிளைகளுக்கு வரும் எல்லாச் சங்கடத்துக்கும் இது ஒன்றுதான் மருந்து. பெண்டாட்டி செத்தாலும் புறா, பேங்க்காரன் வீட்டைப் பூட்டினாலும் புறா! டாக்டரிடம் மட்டும் போகமாட்டார்கள். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவன் மனசு சரியில்லை என்று டாக்டரிடம் வாய் திறந்தால் அது போலீசுக்குப் போகும், போலீஸ் வந்து துப்பாக்கியை வாரிக்கொண்டு போகும், ஊரே வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும். அதுக்குச் சாவதே மேல் என்பார்கள். பேச்சுக்குத்தான்.

டெஸ்மண்டும் அந்த ஊர்க்காரன்தானே. ஒரு நாள் புறா சுட்டால் ராய்ஸ்டன் தெளிந்துவிடுவான் என்று மனதார நம்பித்தான் காலையில் வண்டியை எடுத்தான்.

வேலியோரம் கழி நட்டு, புறா கண்ணில் படாமல் மறைய வலையைக் கட்டி, உள்ளே இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கிழக்கேயிருந்து அடித்த காற்று காதை அறுத்தது. வயலில் பிளாஸ்டிக் பொய்ப்புறாக்களைப் பரப்பினார்கள். இதில் ராய்ஸ்டன் பெரிய வாத்தியார். எல்லாம் காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், லாட வடிவம் வர வேண்டும், நிஜப்புறா இறங்க நடுவில் இடம் வேண்டும். ஒரு பொம்மை திரும்பி நின்றாலும் டெஸ்மண்டைக் கண்டபடி ஏசுவான். இன்றைக்குப் பையைக் கவிழ்த்துக் கொட்டினதுபோல் போட்டுவிட்டு வந்தான்.

"என்னடா இது, குப்பை வண்டி கவிழ்ந்த மாதிரி?"

"வர்றது வரும்" என்றான் ராய்ஸ்டன்.

வந்தன. சாம்பல் நிறத்தில் கும்பல் கும்பலாக, தோப்புக்கு மேலாக வந்து இறங்கின. ஆளுக்கொரு முறை சுடுவது அவர்கள் வழக்கம். டெஸ்மண்டின் முறைக்கெல்லாம் புறாக்கள் விழுந்தன. ராய்ஸ்டனின் முறைக்கு ஒன்று சிறகை விரித்தபடி நேரே இறங்கி வந்தது. குருடன்கூடச் சுடலாம்.

"உன்னுது, உன்னுது!"

ராய்ஸ்டன் துப்பாக்கியைத் தூக்கினான், புறாவைத் தொடர்ந்தான், இறங்க விட்டான். அது பொம்மைகளுக்கு நடுவே நடந்து கடுகு இலையைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது.

"ஏன்டா?"

"தின்னட்டும் விடு."

தன் பயிரைத் தின்னும் புறாவைப் பார்த்துத் தின்னட்டும் என்று சொல்லும் விவசாயியை டெஸ்மண்ட் அதுவரை கண்டதில்லை. ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. என்ன கேட்பது? மாடுகளைப் பற்றியா? பன்றிக்கறி அடைத்த ரொட்டியை இரண்டாக வெட்டி ஒரு பாதியை நீட்டினான். ராய்ஸ்டன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "பெரில் நல்லவடா" என்றான் ராய்ஸ்டன்.

"அது ஊருக்கே தெரியும். உன்னைக் கட்டினதுதான் அவ செஞ்ச ஒரே தப்பு."

"ஆமா" என்றான் ராய்ஸ்டன். கிண்டலாகச் சொன்னதற்கு அவன் ஆமா போட்டது டெஸ்மண்டுக்கு என்னமோபோல் இருந்தது.

"விழுந்ததெல்லாம் பொறுக்கிட்டு வா. காக்கா கொத்திடும்" என்றான் ராய்ஸ்டன்.

ஒருவன் பொறுக்க வெளியே போனால் உள்ளே இருப்பவன் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை நடுவில் மடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டின பிறகுதான் மற்றவன் வலையைத் தாண்டுவான். பையன்களாக இருந்தபோதிலிருந்து இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ராய்ஸ்டன் மடித்துக் காட்டினான். டெஸ்மண்ட் போனான்.

நாலைந்து புறாக்களைக் கையில் சேர்த்துக்கொண்டான். சிறகு ஒடிந்து துடித்த ஒன்றின் கழுத்தைத் திருகினான். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தவனுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. வலைக்குப் பின்னால் ராய்ஸ்டனின் துப்பாக்கி மடிக்காமல் நேராக இருந்தது.

"டேய்! நான் வெளிய நிக்கிறேன்டா! மடிடா அதை!"

தலைக்கு மேலே ஏதாவது பறக்கிறதா என்று பார்த்தான். வானம் காலியாக இருந்தது. ராய்ஸ்டனும் வானத்தைப் பார்க்கவில்லை.

"ஓடைப்பக்கம் ஒண்ணு விழுந்துச்சு" என்று ராய்ஸ்டன் குரல் கொடுத்தான். "அந்தக் கோடிக்குப் போய்ப் பாரு. நீ போ."

ஓடைப்பக்கம் எதுவும் விழவில்லை. சுட்டவன் டெஸ்மண்ட், விழுந்த இடமெல்லாம் அவனுக்குத் தெரியும். ஐயோ, இவன் நம்மைத் தூரமாக அனுப்பப் பார்க்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடலாமா? ஓடினால் அவன் அவசரப்பட்டுவிட்டால்? டெஸ்மண்ட் நடந்தான். மெதுவாக, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே நடந்தான்.

"ஓடைப்பக்கம் எவன் சுட்டான்? நீ சுட்டியா? காலையிலேர்ந்து ஒரு தோட்டா செலவு பண்ணல, பேச்சைப் பாரு. அன்னிக்கும் இப்படித்தான், கணக்குப் பரீட்சையில உன்னைப் பார்த்து எழுதி நானும் ஃபெயில். எனக்கு அப்பவே புத்தி வந்திருக்கணும். எவனாவது பொம்மையை இப்படி வைப்பானா? எந்தப் புறாடா வரும்? நான் வரேன், இரு. வந்து பேசிக்கிறேன். அப்படியே இரு ராய்."

என்ன பேசினான் என்று அவனுக்கே தெரியாது. வலையைத் தூக்கி உள்ளே நுழைந்து, புறாக்களைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியில் கை வைத்தான். ராய்ஸ்டன் விட்டுவிட்டான். குழந்தை கையிலிருந்து வாங்குவதுபோல் சுலபமாக வந்தது. டெஸ்மண்ட் அதை மடித்துத் தோட்டாக்களை உருவி வேலிக்கு அப்பால் எறிந்தான். வாளியில் உட்கார்ந்தான்.

"என்னை எதுக்குடா வரச் சொன்ன?"

ராய்ஸ்டன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "வீட்டுலயோ கொட்டகையிலயோன்னா பெரில்தான் முதல்ல வந்து பார்ப்பா. அவ பார்க்கக்கூடாதுடா. நீன்னா தாங்குவ."

"தாங்குவேனா? நான் தாங்குவேன்னு உனக்கு எவன்டா சொன்னான்? தீவன மூட்டை தூக்குறவன்தானே, இவனையும் தூக்கிடுவான்னு நினைச்சியா?" டெஸ்மண்டுக்கு மூக்கும் கண்ணுமாக ஒழுகியது. துடைக்கத் தோன்றவில்லை. "பாவி. படுபாவி. என்னைப் போய் தேடிப் பிடிச்சியே."

"ராத்திரியானா அதுங்க கத்துறது கேக்குதுடா" என்றான் ராய்ஸ்டன். "கயிறு பிடிச்சவன் நான்தானே. நான் கூப்பிட்டதாலதானே வந்து நின்னுச்சுங்க."

டெஸ்மண்ட் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெளியே புறாக்கள் வந்து இறங்கி நிம்மதியாக மேய்ந்தன.

பிறகு டெஸ்மண்ட் இரண்டு துப்பாக்கிகளையும் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். "வா, வீட்டுக்குப் போலாம். டாக்டருக்குப் போன் பண்ணப்போறேன்."

"வேணாம். போலீசுக்குப் போயிடும். ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அப்படிப் பண்ணினேன்னா செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"முழிக்காத. உயிரோட இருந்து முழிக்காம இரு. எனக்கு அது போதும்."

டெஸ்மண்ட் வண்டியைப் பண்ணை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

பெரில் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இவர்களுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். வண்டிச் சத்தம் கேட்டு முகம் மலர்ந்து வாசலுக்கு வந்தாள். "எத்தனைடா விழுந்துச்சு? அவன் சுட்டானா?" ராய்ஸ்டன் சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவளைத் தாண்டி உள்ளே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான்.

"பெரில்" என்றான் டெஸ்மண்ட். "துப்பாக்கியெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன். டாக்டர் நம்பர் குடு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. மாவுக் கையோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து துப்பாக்கிப் பெட்டிச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு" என்றாள். "மார்ல போட்டுக்கிட்டே தூங்கினேன். எத்தனையோ தடவை கேட்டான், குடுக்கல. நேத்து நீ வர்றதா சொன்னான். டெஸ்மண்ட் கூட இருக்கும்போது என்ன பயம்னு நானே எடுத்துக் கையில குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரில்."

"சொன்னா துப்பாக்கியை எடுத்துட்டுப் போயிடுவாங்களே" என்றாள் பெரில்.