சத்து மாத்திரை

டாக்டரம்மாவின் பின்னால் பெரியவர் வேகமாக நடந்தார். எழுபத்து நான்கு வயதில் அவர் யார் பின்னாலும் இப்படி நடந்ததில்லை. நடைபாதை திரும்பும் இடம் வந்ததும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மருமகளும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்த பெஞ்சு கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்."

"ரத்தம் வாங்கப் போறேன் ஐயா. வந்து பேசறேன்."

"என் மகன் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறானான்னு கேட்டீங்கல்ல."

டாக்டரம்மா நின்றார்.

"சாப்பிடறான். ஸ்டீராய்டு. பத்தொன்பது வயசுலேருந்து. பதினாறு வருஷமா, தினமும்."

"பத்து நிமிஷம் முன்னாடி எல்லாரையும் வச்சுத்தானே கேட்டேன்? உங்க மருமக சத்து மாத்திரைன்னு சொன்னாங்க. நீங்களும் தலையாட்டினீங்க."

"வீட்டுல அப்படித்தான் சொல்றது."

"கடைசியா எப்போ உள்ள போச்சு?"

"முந்தாநாள் காலையில. அப்புறம் வாந்தி. எதுவும் நிக்கல."

"முதல்லயே சொல்லியிருந்தா எலும்பு டாக்டர் அந்த வலி மாத்திரையே எழுதியிருக்க மாட்டாங்க. வாந்தி ஆரம்பிச்சதுமே வந்திருந்தா ஸ்டீராய்டை ஊசியா போட்டிருப்போம்." பேசிக்கொண்டே டாக்டரம்மா வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கியிருந்தார். நர்ஸின் பெயரைச் சொல்லாமல், "யாராவது வாங்க" என்று மட்டும் கூவினார்.

பெரியவர் அவர் முதுகைப் பார்த்து ஒன்று சொன்னார். "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா."

டாக்டரம்மா ஓட்டத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

*

ஆறு நாளைக்கு முன்னால்தான் மகன் விழுந்தான். அவர்களுடையது கண்ணாடிக் கடை. அலமாரிக் கதவுக்கு அளவெடுத்து வெட்டிய நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனவன், வாசலில் இரண்டே படியில் சறுக்கி, கண்ணாடியை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. "சரக்கைக் காப்பாத்திட்டேன், ஆள்தான் டேமேஜ்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எலும்பு டாக்டரிடம் காரில் அழைத்துப் போனது மருமகளின் அண்ணன். லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு படிதானே? மாடியிலேருந்து விழுந்த மாதிரி நசுங்கியிருக்கே" என்றார்.

"எங்க மாப்பிள்ளை பிஸ்கட்டுல செஞ்ச ஆளு டாக்டர்" என்றார் லாரி ஆபீஸ்காரர். டாக்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

மகனைப் பக்கத்து அறைக்கு இடுப்புப் பட்டை கட்டக் கூட்டிப்போனார்கள். டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கி, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "வழக்கமா ஏதாவது மருந்து சாப்பிடறாரா?"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள். "சத்து மாத்திரை மட்டும்தான் டாக்டர்."

பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று பெரியவர் நினைத்தார். கதவில் சாய்ந்து லாரி ஆபீஸ்காரர் நின்றிருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது அந்த மனிதரிடம்தான் பெரியவர் சொல்லியிருந்தார், எங்க வீட்டுல தலைவலிக்குக்கூட யாரும் மாத்திரை போட்டதில்ல என்று. அதை அவர் தன் உறவுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். நடுவில் ஒரு வருஷம் மருந்தின் அளவு கூடி மகன் முகம் உப்பியபோதுகூட, "தங்கச்சி சமையல் மாப்பிள்ளைக்கு நல்லா ஒட்டுது" என்று சபையில் சிரித்தவர்.

பெரியவர் பேசவில்லை. டாக்டர் வலி மாத்திரையை எழுதி முடித்தார். ஒரு நாளைக்கு மூன்று.

பெரியவருக்கு மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், மூட்டெல்லாம் வீங்கி ரத்தம் கெட்டுக் கிடந்த மகனை உள்ளே படுக்க வைத்துவிட்டு, பழைய டாக்டர் அவரிடம் தனியாகச் சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் நினைவிருந்தன. இதை ஒரு நாள்கூடச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அடிபட்டாலோ, ஜுரம் வந்தாலோ, எந்த டாக்டரிடம் போனாலும் முதல் பேச்சு இதுவாக இருக்க வேண்டும்; அளவைக்கூடக் கூட்ட வேண்டியிருக்கும். வலிக்குக் கண்ட மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றைப் பொத்துவிடும், வலி தெரியாமலே பொத்துவிடும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள, இதையெல்லாம் எழுதிய ஓர் அட்டையும் கொடுத்தார். பெரியவர் அதைப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். வேறு தெருவில் மருந்து வாங்கி, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாத்திரைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, பெயர் ஒட்டாத பழுப்புப் புட்டியில் நிரப்பினார். மாதா மாதம் அதை அவரேதான் செய்தார். பழைய டாக்டரிடம் வருஷத்துக்கு இரண்டு முறை மகனைக் கூட்டிப் போய் வந்ததற்குக் கொள்முதல் என்று பெயர்; அங்கேயும் டாக்டரிடம் பேசியது பெரியவர்தான்.

அன்று சாயங்காலம் மகன் வலி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "அப்பா, இதைச் சாப்பிடலாமில்ல?"

"டாக்டர் குடுத்ததுதானே" என்றார்.

பழைய டாக்டரைப் போனில் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். அன்று லாரி ஆபீஸ்காரர் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மறுநாள் மகன் வலி குறைந்திருக்கிறது என்றான். நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு என்று விட்டுவிட்டார். நான்காம் நாள் மகன் லேசாக எரிகிறது என்றான், வலி என்று சொல்லவில்லை. பிறகு வாந்தி. இன்று விடியும்போது குளியலறையில் விழுந்து கிடந்தான்.

*

பதினொன்று பத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார்.

"வலி மாத்திரையால வயித்துல புண்ணாகி நிறைய ரத்தம் போயிடுச்சு. ரத்தம் ஏத்தினோம், ஊசியும் போட்டோம். பிரஷர் ஏறவே இல்ல."

அதோடு நிறுத்தி, பெரியவரைப் பார்த்தார். மிச்சத்தை அவர் சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பெரியவர் முதுகை வளைக்காமல் நின்றார். டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

மருமகள் அழவில்லை. "சீட்டுல எழுதின மாதிரிதான் குடுத்தேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். "தவறக் கூடாதுன்னு அலாரம் வச்சுக் குடுத்தேன்."

"சாப்பாடு இறங்குச்சா?" என்றார் அண்ணன்.

"ரெண்டு வேளை இறங்கல. வலியில துடிச்சாரு. வெறும் வயித்துலதான் குடுத்தேன்."

"வெறும் வயித்துல குடுப்பாங்களா யாராவது? அறிவிருக்கா உனக்கு?"

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். பெரியவர் சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

*

மூன்று மணிக்குள் வீட்டின் முன்னறையில் மகனைக் கிடத்தியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. கடைப் பணியாளர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று செருப்புகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் குசுகுசுவென்று கேட்டார்கள். லாரி ஆபீஸ்காரர் எல்லாருக்கும் பதில் சொன்னார்.

"வலி மாத்திரைங்க. வெறும் வயித்துல. என் தங்கச்சிதான், நான் மறைச்சுப் பேசல. படிச்ச பொண்ணு. இதுகூடத் தெரியல."

சொன்னபோது அவர் குரல் உடைந்தது. தங்கையைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. நேர்மையாக இருப்பதாகத்தான் நினைத்தார். கேட்டவர்கள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது முறை அவர் அதைச் சொன்னபோது பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு பெண் ஆயுசு முழுக்க இதைச் சுமக்கப் போகிறாள், ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடும், அந்த வார்த்தை தன்னிடம்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சபையில்.

உள்ளறையில் மருமகள் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு கணவனுக்குப் போட ஒரு சட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் புட்டியில இருக்கறது சத்து மாத்திரை இல்ல."

அவள் ஒரு நீலச் சட்டையை உதறி, காலரைத் திருப்பிப் பார்த்தாள். "தெரியும் மாமா."

பெரியவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணமாகி ஒன்பதாம் நாளே சொல்லிட்டாரு. சின்ன வயசுல வந்த நோவு, ஆயுசுக்கும் சாப்பிடணும்னு. எங்க அப்பாவுக்கு மட்டும் உனக்குத் தெரியும்னு தெரியக் கூடாது, மனுஷன் ஒடஞ்சிடுவாருன்னு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்." காலர் நைந்திருந்தது. மடித்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். "நீங்க புட்டியில நிரப்பி வைப்பீங்க. நாங்க ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருப்போம். சில நாள் சிரிப்புகூட வரும்."

"வலி மாத்திரையைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"இல்லையே. ஏன்?"

இங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. பெரியவர் நிறுத்தவில்லை. பழைய டாக்டர் சொன்னதை, கணக்குப் படிக்கிற குரலில், ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் சட்டையை மார்போடு வைத்தபடி கேட்டாள். முடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவருக்கும் தெரியாதா இது?"

"அவன் உள்ள படுத்திருந்தான். என்கிட்டதான் சொன்னாங்க. பயப்படுவானேன்னு நான் சொல்லல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்ததே" என்றார் பெரியவர். தன் குரலில் வந்த வேகம் அவருக்கே பிடிக்கவில்லை. "எலும்பு டாக்டர் கேட்டாரே. நீயாவது சொல்லியிருக்கலாமே."

அவள் குனிந்துகொண்டாள். சட்டையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க மாமா."

அவளுக்கென்று ஒரு விடுதலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார் பெரியவர். சுமையில் அவளிடம் இல்லாமல் இருந்த பாதியையும் கொடுத்துவிட்டு இப்போது நின்றார்.

"சட்டை மாத்திக்கங்க" என்றாள் சற்றுக் கழித்து. "ஆஸ்பத்திரியில போட்டிருந்தது. எல்லாரும் வராங்க."

தன் அறைக்குப் போய் வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார். இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, சபையில் சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். குனிந்து பார்க்காமலே பித்தான்களைப் போட்டார்.

*

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. முன்னறையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மகனுக்கு மாற்றியிருந்த சட்டை வெளிர்மஞ்சளாக இருந்தது. மருமகள் தலைமாட்டில் நின்றாள். கடைசியாக வந்த யாரோ விவரம் கேட்க, லாரி ஆபீஸ்காரர் அழுது கரகரத்த தொண்டையோடு மறுபடியும் ஆரம்பித்தார்.

"மாமா முகத்துல எப்படி முழிப்பேன்? ஒரு மாத்திரை தொடாத குடும்பம் இது. என் வீட்டுப் பொண்ணு வந்து, கையால எடுத்துக் குடுத்து..."

"நிறுத்துங்க" என்றார் பெரியவர்.

அவர் எப்போதும் நிற்பது போலவே நின்றார். நாற்பது பேர் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"அவ மேல தப்பில்ல" என்றார். "அந்த மாத்திரை..."

"மாமா."

மருமகள் கூப்பிட்டது அவருக்கு மட்டும் கேட்கும் அளவில்தான் இருந்தது. தலைமாட்டை விட்டு வந்து அவருக்கு நெருங்கி நின்றாள். அவள் கண்கள் அவர் முகத்துக்கு வரவில்லை, நெஞ்சோடு நின்றன.

"பித்தான் மாத்திப் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் மேலே ஏறி, மறுபக்கம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆறு பித்தான்கள். மறுபடி கீழிருந்து, துளையைத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் போட்டார். காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு ஒருவர் மெதுவாக, "தூக்கலாமா?" என்றார்.

கழுத்துப் பித்தானையும் போட்டுக்கொண்டு அவர் திரும்பியபோது, வாசலில் லாரி ஆபீஸ்காரர் கையை ஆட்டி ஆட்டி வண்டியைப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.